காஷ்மீரி கேட் முதல் துவாரகா வரை: இதழியல் வகுப்பறையின் மொழி

தமிழில் ‘ஆசிரியர்’ என்னும் சொல் இருவரைக் குறிக்கும். வகுப்பில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர். இதழை நடத்துபவரும் ஆசிரியர். ஆங்கிலத்தில் இவ்விருவருக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நாம் ஒரே சொல்லை இரண்டு பணிகளுக்கும் வைத்துக்கொண்டிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்தியாவில் இதழியலின் தொடக்கக் காலத்தை ஆராயும்போது, இவ்விரு பணிகளையும் ஒருவரே செய்தார் என்பதைப் பல இடங்களில் காண்கிறோம். பின்னர் இவை பிரிந்தன. அந்தப் பிரிவில் மொழிக்கு நேர்ந்தது என்ன என்பதே இப்பதிவின் பொருள். பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

தில்லியின் தென்மேற்கில் உள்ள துவாரகாவில், பதினாறாம் செக்டரில் குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. தில்லி அரசின் சட்டத்தால் 1998-இல் உருவானது. தில்லி மாணவர்கள் சுருக்கமாக ‘ஐபி’ என்பார்கள். இதன் வளாகத்தில் மக்கள் தொடர்பியலுக்கெனத் தனிப் பள்ளி ஒன்று உண்டு. இதனுடன் இணைவு பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் இதழியல், மக்கள் தொடர்பியல் இளநிலைப் படிப்பு நடைபெறுகிறது. தலைநகரில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுச் செய்தித் துறைக்குள் நுழைய விரும்பும் மாணவர்கள் முதலில் கேள்விப்படும் வாயில்களுள் இதுவும் ஒன்று.

இப்பல்கலைக்கழகம் துவாரகாவில் பிறந்ததன்று. அதன் முதல் இருப்பிடம் பழைய தில்லியின் காஷ்மீரி கேட். அந்த வளாகப் பகுதியில் இன்றும் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது: ஷாஜஹானின் மகன் தாரா ஷிகோவின் நூலகம் என்று அறியப்படுவது. 1840-களில் அதற்குள் ‘தில்லிக் கல்லூரி’ இயங்கியது. இதழியல் கற்பிக்கும் இன்றைய பல்கலைக்கழகம் தொடங்கிய அதே வட்டாரத்தில், அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஆசிரியர்கள் இதழ்களை நடத்தினார்கள். நிறுவன முறையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. இடம் மட்டுமே பொது. ஆயினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் துலங்கும்.

1. கல்லூரியே அச்சகம்

அஜ்மீரி கேட் அருகிலிருந்த காசியுத்தீன் மதரசாவில் 1825-இல் தில்லிக் கல்லூரி தொடங்கியது. பின்னர்தான் காஷ்மீரி கேட்டுக்கு இடம் மாறியது. அங்கே ஐரோப்பிய அறிவியலும் கணிதமும் உருது மொழி வழியாகவே கற்பிக்கப்பட்டன என்பது அதன் சிறப்பு. அதற்குப் பாடநூல்கள் வேண்டும். எனவே 1840-களில் முதல்வராக இருந்த ஃபெலிக்ஸ் பூத்ரோவின் காலத்தில் மொழிபெயர்ப்புக் கழகம் ஒன்று உருவாகி, ஆங்கில நூல்கள் உருதுவில் பெயர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பு நடந்த இடத்தில் இதழும் பிறந்தது. அடுத்த முதல்வர் ஆலோய்ஸ் ஸ்பிரெங்கர் 1845-இல் ‘கிரானுஸ் ஸஅதைன்’ என்னும் இதழைத் தொடங்கிவைத்தார். இரு நற்கோள்களின் சேர்க்கை என்பது அப்பெயரின் பொருள். கிழக்கும் மேற்கும் சந்திக்கும் என்பது உட்குறிப்பு.

அக்கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் மாஸ்டர் ராமசந்திரா. கணித வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. பெரும மதிப்பு, சிறும மதிப்பு பற்றி அவர் 1850-இல் வெளியிட்ட நூலை, இலண்டனின் புகழ்பெற்ற கணிதவியலர் அகஸ்டஸ் டி மார்கன் 1859-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதே ராமசந்திரா ‘ஃபவாய்துன் நாசிரீன்’, ‘முஹிப்பே ஹிந்த்’ என்னும் இரு உருது இதழ்களையும் நடத்தினார். அறிவியல் செய்திகளும் மூடநம்பிக்கை எதிர்ப்பும் அவற்றின் உள்ளடக்கம். வகுப்பில் கரும்பலகை அருகே நின்றவரே கல்லச்சுத் தாளுக்கும் பொறுப்பாளர். அவருக்கு இவை இரண்டும் வேறுவேறு தொழில்களாகத் தோன்றியிரா.

இதே கல்லூரியோடு தொடர்புடைய மற்றொருவர் மௌல்வி முகமது பாகிர். அங்கே பயின்று, சில காலம் பயிற்றுவித்தவர். 1830-களில் அவர் தொடங்கிய ‘தில்லி உருது அக்பார்’ வட இந்தியாவின் முதல் உருதுச் செய்தித்தாள்களுள் ஒன்று. 1857-இல் தில்லி கிளர்ந்தெழுந்தபோது அவ்விதழ் கிளர்ச்சியின் பக்கம் நின்றது. கல்லூரி முதல்வர் ஃபிரான்சிஸ் டெய்லர் அக்கிளர்ச்சியில் கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை மீட்டதும், டெய்லரின் சாவுக்குப் பொறுப்பாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டு, பாகிர் கொல்லப்பட்டார். இந்தியாவில் ஆட்சியாளரால் உயிர் பறிக்கப்பட்ட முதல் இதழாசிரியர் என்று அவரைப் பலரும் நினைவுகூர்கின்றனர்.

அவருடைய மகன் முகமது ஹுசைன் ஆசாத், அதே கல்லூரியின் மாணவர். தில்லியை விட்டுத் தப்பி, அலைந்து, இறுதியில் லாகூர் சேர்ந்து அங்கே ஆசிரியரானார். பின்னாளில் உருது இலக்கிய வரலாற்றின் பெரும்பெயர்களுள் ஒன்றானார். 1877-இல் தில்லிக் கல்லூரி மூடப்பட்டது. அதன் ஆசிரியர்களும் லாகூருக்கே மாற்றப்பட்டனர். லாகூர் என்ற ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மீண்டும் செல்ல வேண்டியிருக்கும்.

2. சென்னையின் இரட்டைப் பணியாளர்கள்

இது தில்லிக்கு மட்டும் உரிய கதையன்று. சென்னையிலும் அதே காலத்தில் இதே வடிவத்தைக் காண்கிறோம். 1855-இல் ‘தினவர்த்தமானி’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கியவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். அவர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கல்விப் பணியாற்றியவர். அவ்விதழின் ஆசிரியப் பொறுப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்கப்பட்டவர் சி.வை. தாமோதரம் பிள்ளை; அவரும் அதற்கு முன் பள்ளி ஆசிரியர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டபோது அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். இன்று நாம் அவரைப் பழந்தமிழ் நூல்களின் பதிப்பாசிரியராகவே அறிவோம். ஆயினும், நம் மாநிலத்தின் முதல் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டம் பெற்றவர்களுள் ஒருவர் தமிழ்ச் செய்தியிதழின் ஆசிரியர் என்பது நினைக்கத்தக்கது. பாகிர் தில்லியில் கொல்லப்பட்ட ஆண்டும் அதுவே.

1878-இல் திருவல்லிக்கேணியில் ‘தி இந்து’ தொடங்கியபோது அதன் பின்னே நின்ற அறுவரில் நால்வர் சட்டம் பயின்ற மாணவர், இருவர் ஆசிரியர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது படிகள் அச்சிட்டார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. அவ்விரு ஆசிரியர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தமிழில் தொடங்கினார். 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை அவ்விதழின் உதவி ஆசிரியராக அமர்த்திக்கொண்டதும் அவரே. அந்த இளைஞர் சுப்பிரமணிய பாரதி. பள்ளி ஆசிரியர் ஒருவர் மற்றொரு பள்ளி ஆசிரியரை இதழாசிரியராக்கினார். தந்திச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் மேசையே பாரதியின் இதழியல் வகுப்பறையாயிற்று.

இங்கே ஒரு சட்டத்தையும் குறிப்பிட வேண்டும். ‘தி இந்து’ தோன்றிய அதே 1878-இல், சில மாதங்களுக்கு முன், லிட்டன் பிரபுவின் அரசு நாட்டுமொழி இதழ்களை ஒடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. கல்கத்தாவின் ‘அம்ருத பஜார் பத்திரிகா’ தன்னை ஆங்கில இதழாக மாற்றிக்கொண்டு தப்பியது. ரிப்பன் பிரபுவின் காலத்தில் அச்சட்டம் நீங்கிற்று. ஆனால் அது ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஓர் இதழை அரசு அஞ்சும், அல்லது அஞ்சாதிருக்கும். பாகிரின் உருதுவுக்கு அஞ்சியவர்கள் அடுத்த தலைமுறையில் எல்லா நாட்டுமொழிகளுக்கும் அஞ்சினார்கள்.

3. பட்டயம் ஆங்கிலத்தில் வந்தது

இதழியலைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் எண்ணம் அமெரிக்காவில் உருப்பெற்றது. மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908-இலும், ஜோசப் புலிட்சரின் கொடையால் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1912-இலும் இதழியல் பள்ளிகளைத் திறந்தன. இந்தியாவில் முதல் முயற்சி சென்னையில் நடந்தது. 1920-இல் அன்னி பெசண்ட் அடையாறில் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பாடமானது. மாணவர்கள் அவருடைய ‘நியூ இந்தியா’ நாளிதழில் செய்முறைப் பயிற்சி பெற்றார்கள். வகுப்புக்கும் இதழுக்கும் இடையிலான பழைய உறவு அங்கே இன்னும் அறுபடவில்லை. ஆனால் மொழி மாறிவிட்டது: அப்பாடம் ஆங்கிலத் துறையின் கீழ் வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அம்முயற்சி நின்றும் போனது.

1938-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சர் ஷா முகமது சுலைமான் ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கினார், அதுவும் நீடிக்கவில்லை. நிலைத்து நின்ற முதல் துறை 1941-இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. வெளிநாட்டில் இதழியல் பயின்று வந்த பிருத்வி பால் சிங் அதன் தலைவர்.

ஆறே ஆண்டுகளில் நாடு பிளந்தது. 1947-இல் அத்துறை லாகூரை விட்டுத் தில்லிக்கு வந்தது. 1962-இல் சண்டிகருக்குச் செல்லும்வரை இங்கேயே இயங்கியது. தில்லியில் இதழியல் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றியது இப்படித்தான், அகதியாக வந்து. பாகிரின் மகன் தில்லியிலிருந்து லாகூருக்கு ஓடினார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இதழியல் துறை லாகூரிலிருந்து தில்லிக்கு ஓடிவந்தது. ஆனால் திரும்பி வந்தபோது அதன் கையில் இருந்த மொழி, தில்லிக் கல்லூரியின் மொழியன்று.

அதே 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் படிப்பைத் தொடங்கியது. மைசூர், நாக்பூர், உஸ்மானியா என்று அடுத்த சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் பின்தொடர்ந்தன. 1965 ஆகஸ்டு 17 அன்று இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தில்லியில் திறக்கப்பட்டது. அப்போது தகவல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா காந்தி திறந்துவைத்தார். யுனெஸ்கோவும் ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய வல்லுநர் குழுவும் அதன் உருவாக்கத்தில் பங்காற்றின. அரசுத் தகவல் பணி அலுவலர்களுக்குப் பயிற்சியளிப்பது அதன் தொடக்கக் கால வேலைகளுள் ஒன்று. பாடத்திட்டம் அமெரிக்காவிலிருந்து வந்தது, பாடநூலும் அங்கிருந்தே. செய்தி என்றால் என்ன, முதல் பத்தியை எப்படி எழுதுவது, மேற்கோளை எங்கே வைப்பது என்பவற்றிற்கான விதிகள் அனைத்தும் ஆங்கில வாக்கியத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை.

4. மேசைக் கல்வியும் அதன் பூட்டிய கதவும்

பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, தமிழ் நாளிதழ்கள் தம் ஆள்களைத் தாமே பயிற்றுவித்தன. 1934-இல் தோன்றிய ‘தினமணி’யின் மேசையில் டி.எஸ். சொக்கலிங்கமும், பின்னர் பல பத்தாண்டுகள் ஏ.என். சிவராமனும் இருந்தார்கள். 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், தம் உதவி ஆசிரியர்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். புதிதாக எழுத்தறிந்தவரும் தடுக்காமல் படிக்கும்படி, பேச்சுத் தமிழின் கொச்சையை நீக்கி எழுத வேண்டும் என்பது அதன் சாரம். எனக்குத் தெரிந்தவரை, தமிழ்ச் செய்தி வாக்கியத்தைப் பற்றித் தமிழிலேயே சிந்தித்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. அது வகுப்பறையில் எழுதப்படவில்லை. அச்சகத்தின் அவசரத்தில் பிறந்தது. 1980-களிலிருந்து விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டமும் இதே மரபின் தொடர்ச்சியே. கல்லூரி மாணவர்கள் படித்துக்கொண்டே செய்தி சேகரித்தார்கள். பட்டயம் ஏதுமின்றித் தொழில் கற்றார்கள்.

இம்மேசைக் கல்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதைப் பொற்காலம் என்று பாடிவிட இயலாது. மேசைக்குச் செல்லும் வழி எது? அறிமுகம். யாருக்கு யாரைத் தெரியும் என்பதே நுழைவுத் தேர்வு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் சொந்த முயற்சியில் நடத்தியவர்கள். பெரிய இதழ்களின் மேசைகளில் அவர்களுடைய மக்களுக்கு நாற்காலி இல்லை என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி. நூறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1996-இல் பி.என். உனியால் என்னும் இதழாளர், தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல், அத்தேடலையே ‘பயனியர்’ நாளிதழில் கட்டுரையாக எழுதினார். அது பெரும் விவாதத்தை எழுப்பியது.

பல்கலைக்கழகத்தின் பயன் இவ்விடத்தில்தான் விளங்குகிறது. அறிமுகம் கேட்காத வாயில் அது. மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் இடஒதுக்கீடும் உள்ள ஒரு வரிசை. உனியாலின் கட்டுரை வந்து இரண்டாண்டுகளில் இந்திரபிரஸ்தப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனால் இணைவுக் கல்லூரிகள் வழியே இதழியல் இளநிலைப் படிப்பு தலைநகரெங்கும் பரவியபோது, செய்தி அறைக்குள் உறவினர் எவரும் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள் முதன்முறையாக ‘நான் பத்திரிகையாளர் ஆவேன்’ என்று விண்ணப்பம் எழுத முடிந்தது. தனியார் கல்லூரிகளின் கட்டணம் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது உண்மை. ஆயினும் கதவு திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

திறந்த கதவுக்கு ஓர் உயர்ந்த வாசற்படி உண்டு. அது மொழி.

5. ஜனக்புரியிலிருந்து துவாரகாவுக்கு

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்நகரில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் ஒன்று துவாரகாவுக்கு அருகே ஜனக்புரியில் உள்ளது. அரசு அலுவலகங்களின் கடைநிலை ஊழியர் முதல் உயர் அதிகாரிகள் வரை, இந்நகரத் தமிழர் பலரின் பிள்ளைகள் இப்பள்ளிகளில் தமிழை ஒரு பாடமாகப் பயில்கிறார்கள். அப்படிப் பயின்ற ஒரு பெண் இதழியல் படிக்கத் துவாரகாவுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மூன்று மொழிகள் தெரியும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, தேர்வில் ஆங்கிலம். தலைநகரில் தமிழ்நாட்டுச் செய்தியையும், தமிழில் தலைநகர்ச் செய்தியையும் எழுதுவதற்கு அவளைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் வகுப்பறையில் அவளுடைய மூன்று மொழிகளுள் தமிழுக்கு வேலையே இல்லை. மூன்றாண்டுகள் முடியும்போது அவளுடைய தமிழ் பன்னிரண்டாம் வகுப்பில் நின்றுவிட்டிருக்கும்.

இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் ஆங்கிலத்தோடு இந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளிலும் இதழியல் பட்டயம் வழங்கத் தொடங்கியது. நாட்டுமொழி இதழியலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை நடுவண் அரசின் நிறுவனமே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. அவ்வரிசையில் தமிழ் இல்லை. உலகின் பல நாடுகளில் படிக்கப்படும் நாளிதழ்களைக் கொண்ட மொழிக்குத் தலைநகரில் ஒரு வகுப்பு இல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு வகையில் பிளவுபட்டது. தமிழ்த் துறைகளில் ‘இதழியல்’ ஒரு தாளாக நெடுங்காலமாக உண்டு. மா.பா. குருசாமியின் ‘இதழியல் கலை’ போன்ற நூல்கள் பல தலைமுறை மாணவர்களின் கையில் இருந்தன. அங்கே தமிழ் இருந்தது. செய்தி அறை இல்லை. மாணவர் இதழியலின் வரலாற்றை மனப்பாடம் செய்தார், தெருவுக்குச் செல்லவில்லை. மறுபுறம், 2000-இல் சென்னைக்கு வந்த ஆசிய இதழியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில் சிறந்த செய்திப் பயிற்சி இருந்தது. அதன் முதன்மை மொழி ஆங்கிலம். 2025-இல் தமிழ்நாடு அரசு கோட்டூர்புரத்தில் தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளையும் ஒரே பட்டயத்தில் வைத்திருக்கிறது. பிளந்தவற்றை ஒட்டவைக்கும் முயற்சி என்ற அளவில் அதை வரவேற்கிறேன். அதன் பயனைக் காலம் சொல்லும்.

6. இலக்கணமே அறமாகும் இடம்

‘நல்ல இதழாளர் எந்த மொழியிலும் நல்ல இதழாளரே, நுட்பத்தை ஆங்கிலத்தில் கற்றுத் தமிழில் எழுதினால் போதாதா?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ‘போதாது’ என்று சொல்ல எனக்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் யார் சொன்னார் என்பதையும், சொன்னார் என்ற வினையையும் தொடக்கத்திலேயே வைத்துவிடலாம். பின்னர் அவர் சொன்னது வரும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும். ‘நகராட்சி ஒப்பந்தத்தில் இரண்டு கோடி ரூபாய் முறைகேடு நடந்துள்ளது என்று உறுப்பினர் ஒருவர் குற்றஞ்சாட்டினார்’ என்று எழுதினால், வாசகர் ‘நடந்துள்ளது’ வரை அதை உண்மையாகவே படிக்கிறார். அது ஒருவரின் குற்றச்சாட்டு மட்டுமே என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியவருகிறது. வாக்கியம் நீண்டால் ஆபத்தும் நீள்கிறது. சொன்னவரை முன்னே கொண்டுவருவதா, வாக்கியத்தை இரண்டாக உடைப்பதா என்பது தமிழ்ச் செய்தியாளருக்கு நாள்தோறும் எழும் கேள்வி. ஆங்கிலப் பாடநூலில் இக்கேள்வியே இல்லை. எனவே விடையும் இல்லை.

இரண்டாவது, கேள்விச் செய்தி. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை ஐந்து வயதுக்குள் அறிந்துவிடுகிறது. பின்னதில் ‘நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்’ என்பது ஓர் ஈற்றிலேயே அடங்கிவிடுகிறது. மூலத்தைக் குறிப்பிடுதல் என்று இதழியல் வகுப்பில் வாரக்கணக்கில் கற்பிக்கும் ஒழுக்கம் நம் இலக்கணத்திலேயே உள்ளது. ஆனால் செய்தித் தமிழ் இந்த ‘ஆம்’ ஈற்றை வம்பின் அடையாளம் என்று ஒதுக்கிவிட்டு, ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘தெரியவந்துள்ளது’ என்பவற்றை ஏற்றது. தமிழ் வாக்கியம் எழுவாய் இல்லாமலும் இயல்பாக நிற்கும். ஆகவே யார் கூறினார், யாருக்குத் தெரிந்தது என்ற வினா எழாமலே செய்தி முடிந்துவிடுகிறது. சொன்னவர் மறைவதற்கு மொழியே திரையாகிறது. இதை மாணவருக்குத் தமிழ் எடுத்துக்காட்டுகளோடு சொல்லித்தர ஒரு வகுப்பு வேண்டாமா?

மூன்றாவது, மரியாதை விகுதி. மூவரில் இதுவே தலையாயது என்பேன். ஆங்கிலத்தில் கைதானவர் எவராயினும் வினை மாறாது. தமிழில் ‘சிக்கினான்’ என்றும் எழுதலாம். ‘கைது செய்யப்பட்டார்’ என்றும் எழுதலாம். கைபேசி பறித்ததாகப் பிடிபட்ட இளைஞன் ‘சிக்கினான்’. வங்கியை ஏமாற்றியதாகப் பிடிபட்ட தொழிலதிபர் ‘கைது செய்யப்பட்டார்’. இருவர் மீதும் குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. நீதிபதி தீர்ப்பெழுதுவதற்கு முன்பே உதவி ஆசிரியர் ஒரு விகுதியால் தீர்ப்பளித்துவிடுகிறார். அந்த ‘ஆன்’ யாருக்கு, அந்த ‘ஆர்’ யாருக்கு என்று நம் நாளிதழ்களின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சாதியும் வர்க்கமும் வயதும் பாலும் விகுதிகளாக வரிசையில் நிற்கும். இன்று பல இதழ்கள் எல்லாருக்கும் ‘ஆர்’ என்று எழுதுகின்றன. அது நல்ல மாற்றம். ஆனால் அது எங்கும் கற்பிக்கப்பட்ட விதியன்று. தனித்தனி மேசைகளின் முடிவு. மேசை மாறினால் விகுதியும் மாறலாம்.

இம்மூன்றும் நடை அழகு பற்றியவை அல்ல. ஒருவரின் நற்பெயரும் ஒரு குடும்பத்தின் மானமும் சார்ந்தவை. ஆங்கிலத்தில் அவதூறுச் சட்டம் பயின்று முதல் மதிப்பெண் வாங்கிய மாணவர், தமிழில் எழுத அமர்ந்ததும் ஓர் ஈற்றெழுத்தால் அநீதி இழைத்துவிட முடியும். தாம் இழைத்ததை அவர் அறியவும் மாட்டார்.

7. யார் பத்திரிகையாளர்?

2013-இல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, இதழாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும் என்று கூறி, அதை ஆராய ஒரு குழுவையும் அமைத்தார். அது சட்டமாகவில்லை. ஆகாதது நன்று என்றே நினைக்கிறேன். கருத்துரிமை பட்டம் பெற்றவருக்கு மட்டும் உரியதன்று. ஊர்ப்புறத்தில் மிகக் குறைந்த ஊதியத்தில் செய்தி சேகரிக்கும் நிருபர்கள் பலரிடம் இதழியல் பட்டம் இல்லை. அவர்கள் இல்லாமல் எந்தத் தமிழ் நாளிதழும் வெளிவராது. கல்வியை ஒரு வேலியாக்கினால் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்களே.

கல்வி வேலியாக வேண்டியதில்லை, வழியாகலாம். தில்லிக் கல்லூரியின் ஆசிரியர்கள் புதிய அறிவைத் தம் மக்களின் மொழிக்குக் கொண்டுவருவதையே கற்பித்தல் என்று கருதினார்கள். அதன் இயல்பான விளைவாக இதழ் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் நாம் இதழியலைப் பாடமாக்கினோம். மொழியை வெளியே விட்டுவிட்டோம்.

நான் கேட்பது பெரிதன்று. எல்லாவற்றையும் தமிழில் நடத்துங்கள் என்று கேட்கவில்லை. துவாரகாவில் அது நடவாது, தேவையும் இல்லை. இதழியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும், தம் படிப்புக் காலத்தில் ஒரு பருவமேனும், தம் வீட்டு மொழியில் செய்தி எழுதித் திருத்தப்பட வேண்டும். தமிழ் அறிந்தவர் தமிழில், மைதிலி அறிந்தவர் மைதிலியில். திருத்துவதற்கு அம்மொழி இதழ்களில் பணியாற்றியவர்களை அழைக்கலாம். தில்லியில் எல்லா மொழி நாளிதழ்களின் செய்தியாளர்களும் இருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பாடக்குழு ஒரே கூட்டத்தில் முடிவுசெய்யக்கூடிய செயல் இது. அந்த ஒரு பருவத்தில் மாணவர் ‘ஆன்’ என்று எழுதிய இடத்தில் ஒருவர் சிவப்பு மையால் ‘ஏன்?’ என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்பவர் வகுப்பில் நிற்பவரா, இதழ் நடத்துபவரா என்பது பொருட்டன்று. தமிழில் இருவருக்கும் ஒரே பெயர்தான்.

தில்லியிலும் பிற நகரங்களிலும் இதழியல் பயின்று, பின் தமிழில் எழுத நேர்ந்தவர்கள் தம் பட்டறிவைப் பகிர்ந்தால் என் ஆய்வுக்கும் உதவும். அடுத்து வரும் மாணவருக்கும் உதவும்.